ஏழு டைல்ஸ் கனம்

மடக்கு சைக்கிளின் முன்சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க்கில் டைல்ஸ் துண்டுகளை வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தான் அரைமில்லி. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த மனைவி, கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏங்க, ஊர்த் தரைக்கெல்லாம் போட்டது பத்தாதுன்னு சைக்கிளுக்கும் டைல்ஸ் போடுறீங்களா?”

“இது டைல்ஸ் இல்ல, மோட்டார். ஒரு டைல்ஸ் ஒன்றரைக் கிலோ. ரெண்டை வெட்டிக் கட்டினா மூணு கிலோ. மோட்டாரும் மூணு கிலோதான்.”

“அப்ப அந்தப் பையில இருக்குற ரெண்டும்?”

“பேட்டரி.”

“சார்ஜ் போட்டாச்சா?”

“போடி. நாளைக்குக் காலையில இதோட ஸ்டேஷன் படி ஏறி இறங்கிப் பாத்தாத்தான் எதுவும் தெரியும்.”

அரைமில்லி என்பது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். பக்கத்து டைல்ஸை விட ஒன்று அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால்கூட, கலவை இறுகுவதற்குள் பெயர்த்துவிடுவான். இருபத்து மூன்று வருஷம் தரையோடு தரையாக முட்டி போட்டு வேலை செய்தவன். இடது கண்ணில் பார்வை இல்லை. கட்டிங் மெஷினிலிருந்து ஒரு சில்லு தெறித்து அடித்தது. “மட்டம் பாக்குறவன் எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாக்குறான். எனக்கு அந்த வேலை மிச்சம்” என்பான். கண் போனதற்கு அவனிடம் ஒரு ஜோக் இருந்தது. முட்டி போனதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

டாக்டர் முட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியைக் காணோம். “இன்னும் ஒரு வருஷம் இப்படி முட்டி போட்டீங்கன்னா அப்புறம் கோல் ஊன்றித்தான் நடக்கணும்” என்றார். முட்டி போடாத டைல்ஸ்காரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. அடுத்தவன் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சூப்பர்வைசர் வேலை. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அவனுக்குக் கிடைத்தது. ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனுக்கு மேலே, குன்றின் தலையில் ஒன்பது மாடி ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த சைட் இன்ஜினியரம்மா அவன் முன்பு போட்ட ஒரு தரையைப் பார்த்திருக்கிறாள். ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

“முதல் தேதி காலையில ஏழு மணிக்கு, கலவை போடுறதுக்கு முன்னாடி நீங்க அங்க நிக்கணும். தினமும். உங்களால வர முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னொருத்தர் இருக்கார். வேலை உங்க அளவுக்கு வராது, ஆனா பைக் வெச்சிருக்கார், வந்துடுவார்.”

“வந்துடுறேம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். எப்படி வருவது என்பதை அப்புறம்தான் யோசித்தான். ஸ்டேஷனிலிருந்து சைட்டுக்கு நாலரைக் கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதல் பஸ்ஸே எட்டு மணிக்கு. ஒற்றைக் கண்ணுக்கு லைசென்ஸ் தரமாட்டார்கள், அதனால் பைக் இல்லை. சாதாரண சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். மடித்த சைக்கிள் என்றால் பெட்டி படுக்கை கணக்கு, விடுவார்கள். அவனிடம் நாலு வருஷமாக ஒரு மடக்கு சைக்கிள் இருந்தது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே மிதித்துப் பார்த்தான். பாதி வழியில் இறங்கித் தள்ளினான். முட்டி மூன்று நாள் பன் மாதிரி உப்பிக் கிடந்தது.

ஆக, சைக்கிளுக்கு மோட்டார் வேண்டும். அதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரெடிமேடாக வாங்குவதா, இருக்கிற சைக்கிளில் மாட்டுவதா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

மாட்டலாம் என்ற கட்சிக்குத் தலைவன் மனைவியின் தம்பி. மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். அவனுக்கும் காயில் என்றே பெயர். எதைப் பார்த்தாலும் திருகைக் கழற்றி உள்ளே என்ன என்று பார்க்காமல் இருக்கமாட்டான்.

“மாமா, உங்க சைக்கிள் பன்னெண்டரைக் கிலோ. மோட்டார் சக்கரம், பேட்டரி, ஒயரு எல்லாம் சேர்ந்த கிட் ஆறு கிலோ. ரெடிமேட் வண்டி இருபத்து மூணு. அதுவும் ஒரு ரெடிமேட் விலைக்கு ரெண்டு கிட் வாங்கிட்டு மிச்சத்துக்கு ஒரு வாரம் டீ குடிக்கலாம்.”

“ரெடிமேட்னா வாரண்டி இருக்குடா” என்றாள் அக்கா. வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவள். மலிவு வேலை கிழிந்து திரும்பி வருவதைத் தினமும் பார்ப்பவள். “கெட்டுப்போனா கொண்டுபோய் கடைக்காரன் மூஞ்சில வீசலாம். நீ மாட்டிக் குடுத்தா யார் மூஞ்சில வீசுறது?”

“என் மூஞ்சிலயே வீசுக்கா. எனக்கென்ன புதுசா?”

“நீ கட்டின ஃபேன் ஞாபகம் இருக்கா? சுத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா தலைகீழா. எங்களுக்கு ஒரு பொட்டுக் காத்து இல்ல. மேல் வீட்டுக்காரங்க சளி பிடிச்சுக் கெடந்தாங்க.”

“அது ஒரே ஒரு ஒயர் மாறினதுக்கா.”

“அந்த ஒரு ஒயர் மலைமேல மாறினா உங்க மாமா ரிவர்ஸ்ல வீட்டுக்கு வந்துடுவாரு.”

அரைமில்லி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த ரெடிமேட் வண்டி ஒன்று மேடைமேல் நின்றது. பேட்டரி உடம்புக் குழாய்க்குள்ளேயே ஒளிந்திருந்தது. வெல்டிங் கண்ணுக்குத் தெரியாமல் தேய்த்திருந்தார்கள். அரைமில்லி ஒரு கையால் தூக்கினான். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை நாலு மாடிக்குத் தோளில் ஏற்றியவனுக்கு இருபத்து மூன்று ஒரு கனமா? காயில் தூக்கினான். மனைவிகூடத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அவ்ளோதானா?” என்றாள்.

“படியில தூக்கிட்டுப் போய்ப் பாக்கலாமா?” என்று கேட்டான் அரைமில்லி.

கடைக்காரர் சிரித்தார். “இது ஓட்டுற சாமான் சார். இதை ஏன் தூக்கணும்?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அரைமில்லிக்கு அந்தப் படியே மனதில் ஓடியது. தரை போடும்போது அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கலவை இல்லாமல் டைல்ஸை வெறுந்தரையில் அடுக்கிப் பார்ப்பான். மூலையில் என்ன துண்டு விழுகிறது, வாசலில் கோடு எங்கே முடிகிறது, எல்லாம் தெரிந்த பிறகுதான் கலவையில் கை வைப்பான். ஒட்டிவிட்டால் பெயர்க்கத்தான் முடியும், நகர்த்த முடியாது. சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஏன் முதலிலேயே ஒட்டவேண்டும்?

அப்படித்தான் டைல்ஸ் சைக்கிளில் ஏறியது. கிட் என்றால் நாலு டைல்ஸ். ரெடிமேட் என்றால் ஏழு டைல்ஸ். எதையும் வாங்காமலே இரண்டையும் தூக்கிப் பார்த்துவிடலாம்.

முதல் நாலு நாள் கிட். ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு நாற்பத்தாறு படி ஏறவேண்டும், அந்தப் பக்கம் நாற்பத்தாறு இறங்கவேண்டும். முன்பக்கம் கட்டிய இரண்டு டைல்ஸோடு சைக்கிளை மடித்து வலது கையில் பிடித்துக்கொண்டான். பேட்டரிக் கணக்குக்கு இரண்டை நாலு துண்டாக்கிப் பையில் போட்டுத் தோளில் மாட்டினான். தோளில் தொங்கியது கனமாகவே படவில்லை. தோள் அவனுக்கு அந்த வேலைக்கே பழகியது. கை மட்டும் கொஞ்சம் முறுக்கியது. முன்பக்கத்துக் கனம் மடித்ததும் வெளிப்பக்கம் தொங்கி மணிக்கட்டை இழுத்தது. தாங்கிக்கொள்ளலாம்.

பிளாட்பாரத்தில் மடித்த சைக்கிளை இழுத்துக்கொண்டு போனான். கேரியருக்கு அடியில் இரண்டு குட்டி உருளைகள் உண்டு, மடித்து நிறுத்தி சூட்கேஸ் மாதிரி இழுக்க. கெட்டி பிளாஸ்டிக். தரை நன்றாக இருந்தால் டிக், டிக் என்று இணைப்புகளை எண்ணிக்கொண்டு வரும். நடுவில் ஒரு இடத்தில் டொக் என்றது. திரும்பிப் பார்த்தான். ஒரு டைல்ஸ் ஓரம் தூக்கியிருந்தது. ‘இதைப் போட்டவன் அவசரத்துல போட்டிருக்கான்’ என்று நினைத்துக்கொண்டு, கடைசி ஸ்டேஷன் வரை போய்ப் பார்க்க ரயிலேறினான்.

டிக்கெட் பரிசோதகர் கம்பி கட்டிய டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது?”

“மோட்டாருங்க.”

“டைல்ஸ் மாதிரி இருக்கு?”

“இன்னும் மோட்டாரா ஆகல. ஆயிடும்.”

அவர் டிக்கெட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் அவரே பக்கத்துச் சீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: “அது சும்மா கனம் பாக்குறதுக்குங்க. உண்மையான மோட்டார் அப்புறம் வரும்.”

ஐந்தாம் நாள் ரெடிமேட். ஏழு டைல்ஸையும் சைக்கிள் உடம்பிலேயே கட்டினான். அந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றவேண்டுமானால் சீட் கம்பத்தைப் பிடுங்கி, குழாயைத் திறந்து உருவவேண்டும். ரயில் பிடிக்கிற அவசரத்தில் அது நடக்காது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ‘கடையில தூக்கின மாதிரியேதான் இருக்கு, வீணா அலட்டிக்கிட்டோமோ’ என்று தோன்றியது. அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கினான். இருபதாவது படியில் முட்டிக்குள் யாரோ ஊசி வைத்த மாதிரி இருந்தது. முப்பத்தோராவது படியில் கால் மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்ததால் அவன் தப்பினான். சைக்கிள் தப்பவில்லை. மிச்சப் படியெல்லாம் தடதடவென்று உருண்டு, ஏழு டைல்ஸில் மூன்று உடைந்தன. கீழே நின்றவர்கள் நல்லவேளையாக விலகிக்கொண்டார்கள்.

படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். மூன்று பேரும் கடையில் செய்த தப்பு இப்போது தெரிந்தது. தூக்கிப் பிழைக்கிறவர்கள் எந்தக் கனத்தையும் தூக்கிப் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். தூக்கிவிட்டால் தீர்ந்தது. இறக்கிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அவன் முட்டிக்கு ஏற்றம் எதிரி இல்லை, இறக்கம்தான் எதிரி.

வீட்டில் சொன்னான். மனைவி உடைந்த டைல்ஸைப் பார்த்தாள், அவன் முட்டியைப் பார்த்தாள்.

“சரி” என்றாள். “அவனே மாட்டட்டும். ஆனா பேட்டரிக்குப் பை நான் தைப்பேன். அந்தக் கடைப்பையில போட்டீங்கன்னா ஒரு வாரத்துல வாரு அறுந்துடும்.”

சீட் கவர் ரெக்சினில், இரட்டைத் தையல் போட்டு, தோளில் படும் இடத்துக்கு உள்ளே பஞ்சு வைத்து ஒரு பை தைத்தாள். காயிலுக்கு வாய் காது வரை போனது.

“அக்கா, பேட்டரியை விட பை நல்லா இருக்கும் போல.”

“என் வேலைக்கு வாரண்டி உண்டு தம்பி.”

அரைமில்லி கிட் கடைக்கு போன் போட்டான். “எத்தனை இன்ச் சக்கரம்?” என்று கேட்டார்கள். இருபது என்றான். “முன்னாடியா பின்னாடியா?” முன்னாடி என்றான். அவ்வளவுதான் பேச்சு. முதல் தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது.

வீட்டு நடுவில் பழைய துணியை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். காயில் மோட்டார் சக்கரத்தைக் கையில் எடுத்து, குழந்தையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் சின்ன சட்டி அளவுக்கு மோட்டார். சுற்றிலும் கம்பி, ரிம். பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை ஃபோர்க்குக்கு நடுவில் இறக்கினான். இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தான். அச்சின் ஒரு முனை உள்ளே போனால் மறுமுனை வெளியே நின்றது.

“மாமா, ஸ்கேலைக் குடுங்க.”

அரைமில்லியே அளந்தான். ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவில் எழுபத்து நாலு மில்லி. மோட்டாரின் அகலம் நூறு. மடக்கு சைக்கிள் மடிந்தால் தடிமனாகிவிடக் கூடாது என்று முன்பக்கத்தை ஒடுக்கமாகச் செய்திருக்கிறார்கள். கிட் செய்தவன் எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி என்று நினைத்துச் செய்திருக்கிறான்.

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். திட்டுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அரை மில்லிக்கு அடுத்தவன் போட்ட தரையைப் பேத்து எடுக்குறவரு, இருபத்தாறு மில்லியைக் கோட்டை விட்டுட்டீங்களே!”

அவனால் சிரிக்க முடியவில்லை. அவன் பிழைப்பே இடைவெளி பார்ப்பதுதான். அடுக்கிப் பார்க்கவும் செய்தான். ஆனால் ஃபோர்க்குக்கு வெளியே கட்டிப் பார்த்தான். மோட்டார் உட்காரவேண்டியது உள்ளே. கனத்தை அளந்தவன் இடத்தை அளக்கவில்லை.

“ஒன்னும் ஆகல மாமா” என்றான் காயில். “ஜாக்கி வெச்சு ஃபோர்க்கை விரிச்சுடலாம். ஒரு பக்கம் பதிமூணு, இந்தப் பக்கம் பதிமூணு. கண்ணுக்கே தெரியாது.”

அரைமில்லி ஃபோர்க்கை நகத்தால் தட்டினான். காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அலுமினியம்.

“இரும்பா இருந்தா விரியும். இது விரியிற மாதிரி காட்டும். அப்புறம் ஒரு நாள் இறக்கத்துல வேகமா வரும்போது உடையும். இருக்குறது ஒரு கண்ணு மச்சான். பல்லையாவது காப்பாத்திக்கிறேன்.”

“அப்ப ரெடிமேடே வாங்கிடுங்க” என்றாள் மனைவி. சிரிப்பு போய்விட்டிருந்தது. “படியில நானே தூக்கிட்டு வர்றேன். உங்களை ரயிலேத்தி விட்டுட்டு வேலைக்குப் போறேன்.”

“அந்தக் கடைசி ஸ்டேஷன்லயும் படி இருக்கு. அங்க யாரு தூக்குவா? டிக்கெட் பரிசோதகரா?”

“அப்ப அந்த பைக் வெச்சிருக்குறவர் போய் நிக்கட்டும். நீங்க இங்க மறுபடியும் முட்டி போடுங்க.”

அவள் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சும்மாவே ஒரு துண்டுத் துணியில் கோடு கோடாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அரைமில்லி ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு இடைவெளியை விட்டதற்குத் தண்டனையாக சைக்கிளில் இருந்த அத்தனை இடைவெளியையும் அளக்க ஆரம்பித்தான். மிதி அச்சு, சீட் கம்பம், மடக்குப் பூட்டு எல்லாம் அளந்தான். பின்சக்கரத்துக்கு வந்தான். நூற்று முப்பத்தைந்து. ஏதோ உறைத்தது. கிட் பெட்டியோடு வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பின்பக்கத்துக்கென்று தனி மோட்டார் ஒன்று அதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 135.

“மச்சான், இங்க வா. முன்னாடிதான் ஒடுக்கம். பின்னாடி எல்லா சைக்கிளும் ஒரே சைக்கிள்தான்.”

காயில் தாளைப் பிடுங்கிப் படித்தான். “பின்னாடின்னா செயின் பக்கம் வேலை அதிகம் மாமா. பல்சக்கரத்தைக் கழட்டி மாத்தணும்.”

“உனக்கு வேலை அதிகம்னா வருத்தமா?”

“நான் வருத்தம்னு சொன்னேனா?”

இந்தத் தடவை அவன் முதலில் அடுக்கிப் பார்த்தான். நூற்று முப்பத்தைந்துக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, பின்பக்கத்துக்கு உள்ளேயே செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது. உடையாமல் மிஞ்சிய டைல்ஸில் இரண்டைத் துண்டாக்கி அந்தக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, மேம்பாலத்துக்குப் போய் ஏறி இறங்கினான். முன்பக்கம் இருந்தபோது வெளியே தொங்கி மணிக்கட்டை இழுத்த கனம், பின்பக்கம் வந்ததும் உடம்போடு ஒட்டி நின்றது. தொண்ணூற்று இரண்டு படியிலும் முட்டி வாயைத் திறக்கவில்லை. தப்பாக வாங்கியதே நல்லதாகப் போயிற்றோ என்று தோன்றியது. அதை வீட்டில் சொல்லவில்லை.

கிட் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். “பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே.”

“பிரிக்காம தப்புன்னு எப்படிங்க தெரியும்?”

அவர் யோசித்தார். பின்பக்க மோட்டார் ஒன்று கடையில் தூசி படிந்து கிடந்தது. மாட்டுவதற்குச் சிரமம் என்று யாரும் வாங்கவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் காயில் மாட்டி முடித்தான். அச்சு தானே சுழன்று ஒயரை முறுக்கிவிடாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒரு இரும்புப் பட்டை வைத்து இறுக்கினான். ஒயர்களின் நிறத்தைப் பார்க்கவில்லை. “நிறமெல்லாம் தெரியாதவனுக்கு மாமா” என்றான். பேட்டரியைச் செருகி, கைப்பிடி விசையைத் திருகினான். மோட்டாருக்குள் உர்ர் என்று சத்தம். சக்கரம் அசையவில்லை.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: “ஃபேனா?”

“ரெண்டு நிமிஷம்க்கா!”

“மேல் வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிடவா? கம்பளி எடுத்து வெச்சுக்கட்டும்.”

இரண்டு ஒயரை மாற்றி மாட்டினான். சக்கரம் ஒரு குதி குதித்துச் சுற்றியது. கம்பிகள் தனித்தனியாகத் தெரியாமல் வெள்ளையாக மங்கின. மனைவியும் எழுந்து வந்துவிட்டாள். மூன்று பேரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் காயில் ஒருவன்தான். அவன்தான் அதிகமாக வாயைப் பிளந்து நின்றான்.

பின்பக்கத்துச் சந்தில் முதலில் ஏறியது மனைவி. அவளை யாரும் கூப்பிடவில்லை. வந்தாள், கைப்பிடியைப் பிடுங்கினாள், ஏறினாள். ஒரு மிதி மிதித்ததும் சைக்கிள் முன்னால் போனது.

“ஐயோ, பின்னாடி யாரோ தள்றாங்க!”

“யாரும் தள்ளலக்கா, அதுவே போகுது!”

சந்தின் முனை வரை போய், வளைந்து, திரும்பி வந்தாள். இறங்க மனமில்லாமல் இன்னொரு சுற்று போனாள். மூன்றாவது சுற்றில், “எனக்கும் ஒன்னு மாட்டுடா” என்றாள்.

“வாரண்டி கிடையாது.”

“ஃபோர்க்கை நானே அளந்து தர்றேன், போ.”

ஞாயிற்றுக்கிழமை அரைமில்லி தனியாகக் குன்றுக்குப் போனான். ஸ்டேஷனிலிருந்து இறங்கி, சைக்கிளை விரித்து, தோள்பையிலிருந்த பேட்டரியை எடுத்து மாட்டினான். ஏற்றம் ஆரம்பித்தது. முட்டிக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாரத்தில் பாதியை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் ஜல்லி போட்ட பாதை. லாரிகள் போய்ப் போய்ப் பள்ளம் பறித்திருந்தன. ஜல்லியில் முன்சக்கரம் இப்படியும் அப்படியும் வழுக்கியது. பின்சக்கரம் அவன் கனத்தை வாங்கிக்கொண்டு தரையைக் கவ்விப் பிடித்து ஏறியது. மோட்டார் முன்னால் இருந்திருந்தால் இந்த இடத்தில் சும்மா சுழன்றுகொண்டு கிடந்திருக்கும். ‘இதைத் தெரிஞ்சா எழுபத்து நாலு வெச்சான் ஃபோர்க் செஞ்சவன்?’ என்று யோசித்துச் சிரித்துக்கொண்டான். கேட் வரை போய்த் தொட்டுவிட்டு, நேரம் பார்த்தான். இருபத்தொரு நிமிஷம்.

முதல் தேதி காலை ஆறு நாற்பதுக்கு சைட்டில் இருந்தான். இன்ஜினியரம்மா ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். அவனைப் பார்த்துவிட்டு, கையில் மடித்துப் பிடித்திருந்த சைக்கிளைப் பார்த்தாள்.

“இதுலயா வந்தீங்க?”

“ஆமாம்மா. இதை வெளிய விடக் கூடாதுன்னு மச்சான் சொல்லியிருக்கான்.”

“கொண்டு வாங்க. முதல்ல ஒரு இடம் காட்டுறேன்.”

இரண்டாவது மாடியில் ஒரு நீள நடைபாதை. போன வாரம்தான் தரை முடிந்திருந்தது. போட்டவர்கள் நாலு பேர் சுவரோரமாக நின்றார்கள். முகத்தில் புது சூப்பர்வைசரை எடைபோடும் பார்வை.

“நோயாளிகளை வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போற பாதை இது. எங்கயோ தட்டுதுன்னு எனக்குத் தோணுது. கண்ணுக்கு மாட்டல. நீங்க பாருங்க.”

நாலு பேரில் ஒருவன் மட்டப்பலகையை எடுத்து நீட்டினான். “இந்தாங்கண்ணே. முட்டி போட்டுப் பாருங்க, ஒரு மில்லி கூட இருக்காது.”

அரைமில்லி பலகையை வாங்கவில்லை. நாற்பது மீட்டர் நீளத்துக்கு இரண்டு மீட்டர் பலகையை வைத்து வைத்துப் பார்ப்பதென்றால் இருபது தடவை முட்டி போடவேண்டும். முதல் நாள் என்று இன்றைக்குப் போடலாம். நாளைக்கும் யாராவது பலகையை நீட்டுவார்கள். வேலைக்கு வந்து சேர ஒரு வழி கண்டுபிடித்தவன், வேலையைச் செய்ய ஒரு வழி யோசிக்கவே இல்லை. அது இப்போதுதான் புரிந்தது.

“முதல்ல ஒரு நடை நடந்து பாக்குறேன்” என்றான், நேரத்தைக் கடத்த.

சைக்கிளை இழுத்துக்கொண்டு நடந்தான். டிக். டிக். டிக். குட்டி உருளைகள் இணைப்புகளைத் தாண்டின. டிக். டிக். டொக்.

நின்றான். பின்னால் இழுத்து மறுபடி உருட்டினான். டொக். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

“தம்பி, அந்தப் பலகையைக் கொண்டு வாங்க. இங்க வெச்சுப் பாருங்க.”

பலகையை நீட்டியவனே குனிந்து வைத்தான். பலகைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் அளவுத்தகட்டைச் செருகினான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “ஒன்றரை இருக்குண்ணே.”

“குறி போடுங்க. கலவை காயுற நேரத்துல இந்த ஓரத்தை யாரோ மிதிச்சிருக்காங்க.”

மேலே போனான். எட்டு மீட்டர் தாண்டி இன்னொரு டொக். அது ஒரு மில்லி. திருப்பத்தில் ஒன்று. நாலு பேரும் இப்போது சுவரை விட்டு வந்து, அவன் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருவன் உருளையைக் குனிந்து பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்னதா இருக்குறதாலதான் தட்டுது. பெரிய சக்கரம்னா தெரியாம ஏறிடும்” என்று மற்றவனுக்குச் சொன்னான். அரைமில்லிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

இன்ஜினியரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நீங்க ஒரு தடவைகூடக் குனியலையே.”

“குனிஞ்சா எழுந்திரிக்க நேரமாகும்மா. ஒன்பது மாடி இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டில் ஏதோ எழுதினாள். “இன்னைக்கு மூணாவது மாடியையும் இப்படியே பாத்துடுங்க. நாளையில இருந்து ஒட்டின மறுநாளே பாக்கணும், முழுசா இறுகுறதுக்குள்ள” என்று சொல்லிவிட்டுப் படியை நோக்கிப் போனாள்.

பலகைக்காரன் காதருகில் வந்தான். “அண்ணே, சைக்கிளுக்கும் தனியா சம்பளம் கேப்பீங்க போல.”

“அதுக்குச் சார்ஜ் போட்டாப் போதும். பிளக் எங்க இருக்கு?”

அவன் நடைபாதையின் கடைசி மூலையைக் காட்டினான். அரைமில்லி தோள்பையைச் சரிசெய்துகொண்டு, சைக்கிளை இழுத்துக்கொண்டு நடந்தான். டிக், டிக், டிக். மூலைக்கு நாலு டைல்ஸ் இருக்கும்போது ஒரு டொக் கேட்டது. பின்னால் வந்தவன் சொல்லாமலே பலகையோடு குனிந்தான்.